பட்டாளத்து அப்பாக்களுக்குக் காது மிஷின்: சேலத்தில் நாங்கள் போன இடம்

சாரதா கல்லூரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது இந்தக் காது பரிசோதனை மையம். அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கப் போனோம். விலை, பேட்டரி, எந்த நாளில் போக வேண்டும் என்பதெல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் இதை நான் முக்கியமாக எழுதுவது மிலிட்டரியில் இருந்து வந்த அப்பா இருக்கும் வீடுகளுக்காக. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கேட்டதற்கு ஒரு "ம்" என்பதோடு சரி, பட்டாளத்தில் என்ன நடந்தது என்று பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார், அப்படி ஒரு அப்பாவோடு வளர்ந்த மகன்கள் இதை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பா 1984-ல் சேர்ந்தவர். 1987 கடைசியில் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணம் போனார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவும் அம்மா சொல்லித் தெரிந்தது. பென்ஷனில் வந்த பிறகு ஏற்காட்டுக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலை, ராத்திரி டியூட்டி, அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படியும் ராத்திரியில் தூங்குகிற ஆள் இல்லை. நான் படிப்புக்காகக் கீழே சேலத்துக்கு வந்து ஹாஸ்டலில் இருந்து, இங்கேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்டேன். போன் செய்தால் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. ஊரில் எல்லோரும் சொல்வது, மிலிட்டரிக்காரருக்கு முறைப்பு ஜாஸ்தி, மதிக்க மாட்டார் என்று.

தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார்கள். அப்படி ஒருநாள் திடீரென்று போட்ட வெடிக்கு, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டதை நானே பார்த்தேன். பிறகு எழுந்தார், வேட்டியைத் தட்டினார், அம்மாவிடம் டீ கேட்டார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, அம்மா டீ போடப் போனாள், எங்கள் வீட்டு வழக்கம் அது.

சரி, மையத்துக்கு வருகிறேன்.

பரிசோதனை செய்தவர் ஒரு ஆடியாலஜிஸ்ட், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காது மிஷின் விற்கும் எல்லா இடத்திலும் படித்தவர்கள் இருப்பதில்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்பதில் தப்பே இல்லை, நல்ல இடமாக இருந்தால் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார், முகத்துக்கு நேராக, மெதுவாக, கத்தாமல். "ஐயா, என்ன வேலை பாத்தீங்க? தறியா, ஸ்டீல் பிளான்ட்டா, சுரங்கமா?" சேலத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்தில் விசைத்தறிக்கு நடுவில் வயதைக் கழித்தவர்கள், மேக்னசைட் சுரங்கத்தில் வெடி வைத்தவர்கள், இவர்கள்தான் அவரிடம் அதிகம் வருகிறார்களாம். 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம், அப்படியே வருடக்கணக்கில் இருந்தால் காது கெடும். தறிக்கூடம் அதற்கும் மேலே போகும்.

"பட்டாளம்மா" என்றார் அப்பா.

"எந்தத் துப்பாக்கி ஐயா?"

"எஸ்எல்ஆர்."

"எந்தத் தோள்ல வெச்சு சுடுவீங்க?"

"வலது."

"காதுக்குப் பஞ்சு கிஞ்சு வெச்சுக்குவீங்களா?"

"ரேஞ்சுல வெப்போம். அங்க எங்க வெக்கறது."

அந்த "அங்க" என்பதே எங்கள் வீட்டில் நாங்கள் கேட்டிராத ஒன்று. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார், அதே குரலில். பக்கத்தில் ஏதாவது வெடித்திருக்கிறதா?

அப்பா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "ரோட்டுல கண்ணி வெடி. எங்களுக்கு முன்னால போன வண்டி. ரெண்டு நாள் காதுல ஒண்ணுமே விழல, ஒய்ங்ன்னு ஒரே சத்தம். பக்கத்துல கிடந்த பையன் என்னையே பாத்து வாயை அசைச்சிட்டே இருந்தான். என்ன சொன்னான்னு தெரியல. எனக்குக் கேக்கலன்னு அவனுக்குத் தெரியல."

அந்தப் பெண் "ஐயோ" என்று சொல்லவில்லை. யார் அந்தப் பையன், பிழைத்தானா என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றதும், "முதல்ல எந்தக் காதுல சத்தம் திரும்பி வந்துச்சு ஐயா?" என்று கேட்டார். "வலதுல." எழுதிக்கொண்டார்.

இதற்காகத்தான் இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன். அவருக்கு ஒவ்வொரு பதிலும் வேலைக்குத் தேவைப்பட்டது. வேடிக்கை பார்க்கக் கேட்கவில்லை, பரிதாபப்படவும் கேட்கவில்லை. சின்ன வயதில் பிள்ளைகள் நாங்கள் கேட்டதெல்லாம் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பதுதான். எந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்கும். அதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்வான்? எந்தத் தோளில் வைத்துச் சுட்டீர்கள் என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது, அங்கிருந்து அவராகவே அடுத்ததற்குப் போனார்.

அப்புறம் டெஸ்ட். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, கனமான கதவு, ஹெட்போன், சத்தம் கேட்டால் அமுக்க ஒரு பட்டன். கதவை மூடியதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது, எழுந்து நின்றுவிட்டார். மிலிட்டரி அப்பாக்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை, அந்தப் பெண்ணே புரிந்துகொண்டு நாற்காலியைக் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டார், கதவு பூட்டாது, உள்ளேயிருந்து தள்ளினாலே திறக்கும் என்று அப்பாவையே தள்ளிப் பார்க்கச் சொன்னார். அப்பா தள்ளிப் பார்த்தார், இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்தார்.

ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், வந்ததும் எனக்குக் காட்டி விளக்கினார், அப்பாவின் அனுமதி கேட்டுவிட்டு. கோடு தாழ்ந்த சுருதிகளில் ஓரளவு சுமாராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளமாக இறங்குகிறது. வயதானால் வரும் காது மந்தம் உயர்ந்த சுருதிகளில் படிப்படியாகச் சரியும், இப்படி 4,000 பக்கத்தில் பள்ளம் விழுவது பலத்த சத்தத்தால் வந்ததன் அடையாளம். இடது காது வலதைவிட மோசம். வலது தோளில் கட்டையை வைத்துச் சுடுகிறவருக்குக் குழலின் வாய் இடது காதுக்குத்தான் நெருக்கம், வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். அதனால்தான் தோளைக் கேட்டிருக்கிறார். நாம் பேசுவது 60 டெசிபல் என்றால், இந்த மாதிரி ரைஃபிள் ஒரு குண்டுக்கு 150-ஐத் தாண்டும். ஒரே ஒரு வெடி போதும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டை அப்படியே படம் பிடித்தது போல் இருந்தது. இந்த மாதிரிக் காதுக்குச் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. ஆ, ஓ, ஊ எல்லாம் தாழ்ந்த சுருதி, அது காதில் விழும். ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்துகளின் ஓசை மேலே இருக்கிறது, அது விழாது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் இன்னும் கஷ்டம். ஆக, யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, தப்பாகப் பதில் சொல்லி அவமானப்படுவதற்கு "ம்" என்பது மேல். அம்மா பேசுவது முப்பது வருடமாக அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. அதோடு இன்னொன்று: மெல்லிய சத்தம் கேட்காத இந்தக் காதுக்குப் பெரிய சத்தம் சாதாரண ஆளுக்குக் கேட்பது போலவோ அதைவிட அதிகமாகவோ உறைக்கும். காது கேட்காதவர் வெடிக்கு மட்டும் எப்படித் துள்ளுகிறார் என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுதான் பதிலில் ஒரு பாதி.

காதுக்குள் இரைச்சல் உண்டா என்று கேட்டபோது அப்பா, "மலையில சில்வண்டு கத்தும்மா, அது வெளிய கத்துதா உள்ள கத்துதான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். எல்லா ராத்திரியும் அப்படியாம்.

இதை ஏன் பட்டாளத்திலேயே சொல்லிச் சிகிச்சை எடுக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஷேப் ஒன் போயிடும்" என்றார். ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்தாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள், முதலாவது மனநிலை, இரண்டாவது செவித்திறன், அப்புறம் கை கால், பொது உடல்நிலை, கண் பார்வை. எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால்தான் ஷேப் ஒன். எதிலாவது இறங்கினால் பிரமோஷனும் போஸ்டிங்கும் அடிபடும். அப்படி ஒரு முறையில், இருபது சொச்சம் வயதுப் பையன் காது கேட்கவில்லை என்றோ தூக்கம் வரவில்லை என்றோ எதற்குச் சொல்வான். மறைக்கப் பழகியது அங்கேதான், வீட்டுக்கு வந்து புதிதாகப் பழகியதில்லை.

ஆனால் எங்கள் அப்பா மாதிரியானவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு, அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிக்கென்று போன படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பும்போது நம் பக்கம் ஏறக்குறைய 1,200 பேர் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்றுவிட்டு வரும் படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. தமிழ்நாட்டில் பலரின் மனநிலையும் அதுதான். கார்கிலுக்குப் போய் வந்தவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்தவர் டீக்கடையில் எங்கே டியூட்டி பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதிலும் தமிழ் தெரிந்த சிப்பாய்க்கு, எதிரில் அழுகிறவர்கள் சொல்வது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கும். பஞ்சாபிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மகன்கள் பக்கமும் ஒரு மௌனம் இருக்கிறது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினரால் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக 60-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது அதைப் பற்றி வாசித்தேன். அந்த நாளில் அப்பா எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை. பேசாத அப்பா என்று நாம் சொல்லும் எத்தனையோ வீடுகளில் கேட்காத மகனும் இருப்பான், இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மௌனத்தைக் கட்டிக் காக்கிறார்கள்.

மிஷின் விஷயம். இரண்டு காதுக்கும் சேர்த்து 62,000 ரூபாய் ஆனது. அதைவிடக் குறைந்ததும் இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியதும் இருக்கிறது. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டால் கேளுங்கள். காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, 312 பேட்டரி, பிரவுன் ஸ்டிக்கர் ஒட்டி வரும், ஸ்டிக்கரை உரித்தால் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் பக்கம் தாங்குகிறது. சார்ஜ் போடும் வகையும் காட்டினார்கள், மலையில் கரண்ட் நிலைமையை யோசித்து வேண்டாம் என்றோம். ஏற்காட்டு ஈரக் காற்றுக்கு ராத்திரி கழற்றி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டே ஆக வேண்டும், அந்த டப்பாவை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பொருத்திய விதம் நன்றாக இருந்தது. திடீர்ச் சத்தங்களை அமுக்கும் வசதி உள்ள மாடலாகவே எடுத்தார், அதிகபட்ச ஒலி அளவையும் குறைத்து வைத்தார், சத்தத்தை முழுக்க நிறுத்தும் பட்டனை அப்பாவே தடவிக் கண்டுபிடிக்கும் வரை பழக்கினார். முதல் நாளே முழு அளவில் வைக்கவில்லை, பாதி அளவில் அனுப்பி, பிறகு கூட்டினார். முதலில் அப்பாவுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. கீழே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டார், அந்த நொறுக்கும் சத்தம் மண்டைக்குள் கேட்கிறது என்று பாதியில் வைத்துவிட்டார். இது எல்லோருக்கும் வருவது, சில வாரத்தில் பழகிவிடும்.

இப்போது அம்மா பேசுவது கேட்கிறது. சில்வண்டு கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்கிறார், மிஷின் போட்டால் பலருக்கு அப்படித் தணியுமாம். போனில் அம்மாவிடம் கொடுக்காமல் பேசுகிறார். அன்றைக்கு ஒருநாள் என்னிடம், "ஹாஸ்டல்ல உனக்கு சாப்பாடெல்லாம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். அதை நான் அந்தக் காலத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் காதில் விழவில்லை, திரும்பக் கேட்கவும் அவருக்கு வழி இருந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் பேசினோம், முட்டை கொடுத்த கிழமை முதற்கொண்டு.

யுத்தத்தைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மிஷின் வாங்கினால் அப்பா மனம் திறந்து எல்லாம் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த ஆடியாலஜிஸ்டே இதை நேராகச் சொன்னார்: காதுக்கு என்னால் முடிந்ததைச் செய்வேன், வெடிச் சத்தத்துக்குத் தரையில் படுப்பதும் தூக்கம் வராததும் என் மிஷினுக்கு அடங்காது, அதற்குத் தனியாகப் பாருங்கள். விற்கிற இடத்தில் இப்படிச் சொல்வது பெரிய விஷயம். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மனப் பாதிப்பு) என்று இதற்குப் பெயர் வைத்து 1980-லேயே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் முறைப்பு என்றுதான் பெயர். இதற்கு அழைக்க வேண்டியது 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே, இலவசம். படையினருக்கென்றே அதில் ஒரு பிரிவு 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்திருக்கிறார்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்பா இன்னும் போகச் சம்மதிக்கவில்லை. 14416-க்கு முதலில் அழைத்தது அம்மாதான், தனக்காக. குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், பாதிக்கப்பட்டவரே அழைக்க வேண்டும் என்றில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். காது கேட்காதவர்கள் காத்திருக்கும் ஹாலில் டிவியை அலற விடுகிறார்கள், சொன்னால் குறைக்கிறார்கள், அடுத்த தடவை மறுபடி அலறுகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் விலை உயர்ந்த மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பான், ஆடியாலஜிஸ்டைப் பார்க்காமல் எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டாவது முறை வேறொருவர் இருந்தார், அவர் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார், அப்பா உடனே பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதனால் போன் செய்து அந்தப் பெண் இருக்கும் நாளாகக் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருப்பவர்கள் கையிலிருந்து பணம் கட்டுவதற்கு முன்னால் பாலிகிளினிக்கில் காட்டி ஈஎன்டி மருத்துவரின் பரிந்துரையை வாங்கிவிடுங்கள், காது மிஷினுக்கு அதில் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் உண்டு, ஆனால் நடைமுறைப்படி போயிருக்க வேண்டும். சீரியல் எண் போட்ட பில்லும் ஆடியோகிராம் நகலும் இந்த மையத்தில் கேட்காமலே கொடுக்கிறார்கள். அட்டை இல்லாமல், வசதியும் இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததும் காது அடைத்திருக்கும், வந்த சூட்டில் டெஸ்டுக்கு உட்காராமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டம். வார நாளில் காலை முதல் ஆளாக நேரம் வாங்கினால் கேள்வி கேட்கும் பகுதியை அவசரமில்லாமல் செய்வார். அந்த நேரத்தில் மகனும் உள்ளே இருக்கலாமா என்று அப்பாவிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எங்களிடம் அந்தப் பெண் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார், அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு "இருக்கட்டும்" என்றார்.